ஒளிப்பெட்டிக்குள் ஒரு டீ மாஸ்டர்

சென்ற வியாழக்கிழமை என் அப்பாவை ஒரு பெண் திட்டினார்.

அப்பாவைத் திட்டவும் முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. திட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே! பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், மிதித்தவர் வாய் திறப்பதற்குள், "பரவால்லீங்க, நாந்தான் காலை நீட்டிப்போட்டேன்" என்று மன்னிப்பைத் தாமே கேட்டு, தாமே வழங்கி, விவகாரத்தை முடித்துவைப்பவர் அவர்.

திட்டு நடந்த இடம் ஒரு மருத்துவமனையின் தோல் சிகிச்சைப் பிரிவு. திட்டியவர் செல்வி – ஒளி சிகிச்சை அறையின் டெக்னீஷியன். தென்காசிப் பக்கத்திலிருந்து கோவைக்கு வேலைக்கு வந்தவர். குற்றம்? அப்பா ஒரு பொய் சொன்னார். அதையும் மிகுந்த பணிவோடு சொன்னார்.

இந்த வாராந்திரப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்... அப்பாவைப் பற்றி நான் எழுதுவதில்லை. அவர் படித்துவிடுவாரே என்ற தயக்கம். இம்முறை முன்கூட்டியே அனுமதி கேட்டேன். "எழுதிக்க கண்ணு, எனக்கென்ன?" என்றார். அது உண்மையிலேயே அனுமதிதானா என்பதில், கீழே நான் சொல்லப்போகும் காரணங்களால், எனக்கு இப்போது உறுதி இல்லை.

அப்பா பீளமேட்டில் ஒரு பேக்கரியில் டீ மாஸ்டர். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். கோவையில் பேக்கரி என்றால் கேக் விற்கும் கடை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அது டீக்கடை, செய்தித்தாள் படிக்கும் இடம், பேருந்துக்கு ஒதுங்கும் நிழல், பெண் பார்த்த கதை பேசும் மன்றம் – எல்லாமும்தான். அதன் வாசலில் பாய்லரின் அருகே நிற்பவர் வெறும் ஊழியர் அல்லர், கடையின் முகம்.

எங்கள் குடும்பத்துக்கு அந்த இடத்தில் டீயைத் தாண்டியும் ஒரு பொருள் உண்டு. தாத்தா காட்டு வேலை, அதாவது வயற்கூலி வேலை, செய்தவர். அவர் ஊர் டீக்கடையில் அவருக்குத் தனிக் கிளாஸ். அவருடைய மகன் கையால் டவுனே டீ வாங்கிக் குடித்தது. இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கையில்தான் சொரியாசிஸ் வந்தது.

முதலில் முழங்கையில், பிறகு முதுகில். கடந்த மழைக்காலத்தில் புறங்கைகளுக்கும் இறங்கிவிட்டது. சிவந்த திட்டுகள், அவற்றின்மேல் வெள்ளைச் செதில்கள். "இது தொற்றாது. தொட்டாலும் ஒட்டாது, கூடவே இருந்தாலும் ஒட்டாது" என்பதைத்தான் மருத்துவர் முதல் வாக்கியமாகவே சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் மருத்துவர், அப்பா, நான் என்று எங்கள் மூவரோடு அந்த அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. பேக்கரிக்கு அது வந்து சேரவில்லை.

பேக்கரிக்கு வருபவர்கள் ஒருவரும் அப்பாவைப் புண்படுத்தவில்லை. அது எங்கள் ஊர் வழக்கம் இல்லை. "நீங்க மேடையில வெச்சுருங்கண்ணா, நானே எடுத்துக்கறேன்" என்றார்கள். "இன்னிக்கு டீ வேண்டாங்கண்ணா, சக்கரைன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க" என்றார்கள். சொல்லிவிட்டு, எதிர்க் கடையில் நின்று, முதுகைக் காட்டியபடி டீ குடித்தார்கள். முதுகைக் காட்டியது அப்பாவின் மனம் நோகக் கூடாது என்பதற்காக.

முதலாளி பிரபு அண்ணன் இளைஞர். அவரும் நோகும்படி ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணா, பின்னாடி பன்னு செக்‌ஷன்ல ஆளில்லாம ரொம்பச் செரமமா இருக்குதுங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க பாத்துக்கறீங்களா?" என்றார்.

"அதுக்கென்னங்க, நல்லதுங்க" என்றார் அப்பா.

டீக் கிளாஸைத் தொடக் கூடாத கை, பன்னை எடுத்து உறையில் போடலாமாம். கண்ணில் படாத வரைக்கும் எந்த நோயும் தொற்றாது என்பது நம்முடைய தனி மருத்துவம்.

இதைப் பற்றி அப்பா வீட்டில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆனால் மாலையில் வீட்டில் டீ போடுவதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்து வந்தாலும் எங்களுக்கென்று இரண்டு டம்ளர்களை எடுத்து, தோள் உயரத்திலிருந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆற்றித் தருபவர் அவர். இப்போது அம்மா போடுகிறார். அம்மாவின் டீயைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கருத்துச் சொல்வதில்லை. நாங்களும் கொங்கு நாட்டுக்காரர்கள்தாம்.

களிம்புகள் போதாது என்றான பிறகு மருத்துவர் ஒளி சிகிச்சையைப் பரிந்துரைத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு பெட்டிக்குள் சிறிது நேரம் நிற்க வேண்டும். பக்கங்கள் நெடுகக் குழல்விளக்குகள். வெயிலில் எத்தனையோ வகைக் கதிர்கள் உண்டாம். அவற்றில் தோலுக்கு உதவும் ஒரு குறுகிய பகுதியை மட்டும் அந்த விளக்குகள் தருமாம்.

மருத்துவரின் அறையை விட்டு வெளியே வந்ததும் அப்பா சொன்னார். "எங்கப்பாரு காலம் பூராம் வெயில்ல நின்னாரு. நா நெழல்ல நிக்கோணும்னு டவுனுக்கு வந்தேன். இப்ப அதே வெயிலப் பெட்டியில அடச்சு வெச்சுட்டு, உள்ள போயி நில்லுங்கறாங்க கண்ணு!"

பெட்டி என்றேனே தவிர, அது ஓர் ஆள் உயர பீரோதான். உள்ளே போகுமுன் கண்களுக்குக் கறுப்புக் கண்ணாடி, முகத்துக்குத் துணி. கதவு மூடியதும் இடுக்கு வழியே நீல வெளிச்சம் கசியும், மின்விசிறி இரையும். முதல் நாள் அப்பா போன வேகத்தில் திரும்பிவிட்டார். "அவ்வளவுதானுங்களா? கண்ணாடி மாட்டறதுக்கே இதவிட நேரமாச்சுங்களே!"

"இப்படிக் கொஞ்சத்துலதான் ஆரம்பிக்கணும் அண்ணாச்சி. தோல் தாங்குதான்னு பாத்துப் பாத்துக் கூட்டுவோம்" என்றார் செல்வி.

அந்தப் 'பாத்துப் பாத்து' என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஒவ்வொரு முறையும் விளக்கைப் போடுமுன் அவர் ஒரு கேள்வி கேட்பார். "போன தடவைக்கப்புறம் செவந்துச்சா? எரிஞ்சுதா?" இல்லை என்றால் நேரம் சற்றே கூடும். ஆம் என்றால் கூடாது. சில சமயம் அன்றைய ஒளியே கிடையாது. அந்த இயந்திரத்தின் கடிவாளம் முழுவதும் நோயாளியின் வாயில் இருக்கிறது.

கோயம்புத்தூர்க்காரர் வாயில்... கடிவாளம்!

கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். கல்யாணப் பந்தியில் இலை காலியாக இருக்கும்போதே "போதுமுங்க, போதுமுங்க" என்று கையை விரித்து மறைப்பவர்கள் நாம். பல் மருத்துவர் "வலிக்குதுங்களா?" என்று கேட்டால், கண்ணில் நீர் வழிய, வாய் நிறையக் கருவிகளோடு, "இல்லீங்" என்பவர்கள். சலூனில் கிருதா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும், கண்ணாடியைப் பார்த்து, "அருமையா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தாமே கத்தரிக்கோலை எடுப்பவர்கள். நம்மிடம் போய் எரிந்ததா என்று கேட்டால்?

"அதெல்லாம் இல்லீங்க. நல்லாத்தானுங்க இருக்குது" என்பார் அப்பா. ஒவ்வொரு முறையும்.

அவர் மட்டும்தானா? பெஞ்சில் எங்கள் பக்கத்தில் கோட்டைமேட்டு அத்தர்க் கடைக்காரர் ஒருவர் அமர்ந்திருப்பார். கழுத்தில் வெண்திட்டுகள். எல்லோரும் அவரை பாய் என்போம். மேலே வாசனைத் திரவியம் இருந்தால் அந்த ஒளி பட்டுத் தோல் புண்ணாகலாம் என்பதால், அத்தர் பூசி வரக் கூடாது என்பது செல்வியின் கண்டிப்பான உத்தரவு. "அத்தர் போட்டீங்களா பாய்?" என்று கேட்டால், "இல்லீங்களேம்மா" என்பார். மல்லிகையும் சந்தனமுமாக அறையே மணந்துகொண்டிருக்கும்.

"பின்ன எங்கேருந்து வருது இந்த வாசம்?"

"கடையிலேர்ந்து கூடவே வந்துருச்சுங்களாட்ட இருக்குதுங்க..."

அவரைக் கழுத்தைத் துடைக்க அனுப்பிவைப்பார் செல்வி.

இப்படியே போயிருக்கலாம். திட்டுகளும் மெல்ல மங்கத் தொடங்கியிருந்தன. ஆனால் அந்த வியாழனுக்கு முந்தைய வார இறுதியில் பேக்கரி வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'டீ மாஸ்டர் தேவை.' அப்பா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் பார்க்காததுபோல் உள்ளே போனோம்.

மறுநாளிலிருந்து அப்பா முழுக்கைச் சட்டை அணியத் தொடங்கினார். கோவை வெயில் குறித்து அலுத்துக்கொள்ளும் மாதம் இது. மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டு, காலரையும் தூக்கிவிட்டுக்கொண்டு, வியர்வையில் குளித்தபடி நடமாடினார்.

"புழுக்கமா இல்லீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கண்ணு இருக்குது. காத்தோட்டமாத்தான் இருக்குது."

நான் இலக்கிய மாணவி. எழுதியவர் சொல்லாமல் விட்டது என்ன என்று கண்டுபிடிக்கத்தான் எங்களுக்குப் பயிற்சி. வகுப்பில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. முழுக்கைச் சட்டையை மட்டும் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். நேரம் கூடியது. வியாழக்கிழமை மீண்டும் கேள்வி.

"செவந்துச்சா அண்ணாச்சி? எரிஞ்சுதா?"

"அதெல்லாம் இல்லீங்க. நல்லாத்தானுங்க..."

செல்வி பதிலை முழுதாகக் கேட்கவில்லை. அவர் கண் அப்பாவின் காலரில் நின்றது. "கழுத்தக் காட்டுங்க" என்று காலரை விலக்கினார். பிறகு சட்டைக் கையை மேலே ஏற்றச் சொன்னார்.

கழுத்தும் கையும் பீட்ரூட் நிறத்தில் இருந்தன. முழங்கைக்குக் கீழே ஒரு சிறு கொப்புளம்.

"இதான் நல்லாருக்கா? இதுக்குப் பேரு நல்லாருக்கா அண்ணாச்சி?" அறை அதிர்ந்தது. "நா கேக்கது என்ன, சும்மா வழியில பாத்து 'சொகமா'ன்னு விசாரிக்கிற மாதிரின்னு நெனச்சீங்களா? நீங்க சொல்லுத பதில வச்சுத்தான நேரத்தக் கூட்டுதேன்? எரியுதது ஒங்க ஒடம்புல்லா? நீங்க சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்? இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து இதே ரோதனை. யாரக் கேட்டாலும் நல்லாருக்கு, எதக் கேட்டாலும் நல்லாருக்கு! நல்லாருந்தா எதுக்கு ஆசுபத்திரிக்கு வாறீங்க?"

அப்பா தலை குனிந்து நின்றார். "கோவிச்சுக்காதீங்க..." என்றார் மெதுவாக.

"கோவமில்ல அண்ணாச்சி, பயம்! நேத்தே வந்திருந்தா கொப்புளம் வரைக்கும் போயிருக்காது."

மருத்துவர் வந்து பார்த்தார். பெரிய ஆபத்தில்லை, பூசக் களிம்பு உண்டு. ஆனால் சிவப்பு முழுக்க அடங்கும்வரை ஒளி கிடையாது. பிறகு குறைந்த நேரத்திலிருந்து மீண்டும் ஏற வேண்டும். அப்பாவின் முகம் அப்போதுதான் உண்மையாகவே வாடியது.

நான் கேட்டேன். "ஏனுங்கப்பா சொல்லல?"

"அந்தப் புள்ள பாவம், ஊரு உட்டு ஊரு வந்து வேல பாக்குது. நீ வெச்சது எரியுதுன்னு எப்புடிக் கண்ணு மூஞ்சிக்கு நேரா சொல்றது?" பிறகு, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "அதுமில்லாம... எரியுதுன்னா நிறுத்திப்போடுவாங்க. பலகை வேற மாட்டிட்டாங்களே..." என்றார்.

என்னிடம் சொன்னதைச் செல்வியும் கேட்டுவிட்டார். குரல் தணிந்தது. ஆனால் விடவில்லை. அப்பாவுக்கு எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "இப்ப ஒழுங்காச் சொல்லுங்க. எரியுதா?"

"லேசாத்தானுங்க..."

"லேசால்லாம் வேண்டாம்."

"கொஞ்சமா, அப்பப்ப..."

"அண்ணாச்சி!"

"எரியுதுங்க" என்றார் அப்பா. "ரெண்டு ராத்திரியாத் தூங்கலீங்க. முதுகக் கீழ வெக்க முடியலீங்க."

சுமையை இறக்கிவைத்த மனிதரைப் போல் நிமிர்ந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாய், பெஞ்சிலிருந்து தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் போன வாரம் கொஞ்சம் எரிஞ்சுதுங்கம்மா. அப்புறம்... அத்தரும் போட்டுத்தானுங்க வந்திருக்கேன்."

செல்வி தலையில் கை வைத்துக்கொண்டார்.

வகுப்பறையில் சொல்லாமல் விடுவதற்கு அழகு என்று பெயர். ஒளி சிகிச்சை அறையில் அதற்குக் கொப்புளம் என்று பெயர். இரண்டுக்கும் இடையே இவ்வளவுதான் தூரம் என்பதை என் பாடத்திட்டம் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன். முடியவில்லை.

மருத்துவமனையிலிருந்து நேராகப் பேக்கரிக்குப் போனோம். அப்பாவுக்கு மதிய ஷிஃப்ட். எனக்கு அங்கிருந்து பேருந்து. கல்லாவில் பிரபு அண்ணன். அவருக்குத் தலைக்குமேலே அந்தப் பலகை. வழக்கம்போல் புன்னகைத்தார். வழக்கம்போல் கேட்டார்.

"வாங்கண்ணா. பின்னாடி வேலயெல்லாம் எப்படிங்க, சௌரியமா இருக்குதுங்களா?"

"நல்லாத்தானுங்..." என்று தொடங்கிய அப்பா பாதியில் நின்றார்.

வாக்கியத்தின் நடுவில் அவர் நின்று நான் பார்த்ததில்லை. முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். கையை மடித்து முழங்கைக்கு மேலே ஏற்றினார். பிறகு சொன்னார்.

"நல்லால்லீங்க. எனக்கு அங்க புடிக்கலீங்க. எனக்கு பாய்லர்தானுங்க வேணும். இது ஒட்டற சீக்கில்லீங்க, டாக்டரே சொல்லியிருக்காருங்க. பலகை மாட்டறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க."

எங்கும் 'ங்க' குறையவில்லை. ஆனாலும் அது சண்டைதான். எங்கள் ஊர்ச் சண்டை.

பிரபு அண்ணன் திகைத்துப்போனார். "அண்ணா... பின்னாடி போறீங்களான்னு கேட்டப்ப, நீங்கதானுங்க 'நல்லதுங்க'ன்னீங்க? உங்களுக்கும் அதுதான் சௌரியம்னு நெனச்சுப்போட்டேன்!"

"நீங்க கேட்டா நா வேற என்னங்க சொல்றது?"

"நானும் உங்க மனசு நோகக் கூடாதுன்னுதானுங்க அப்படிக் கேட்டேன்..."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மனம் நோகாதிருக்க மற்றவர் எடுத்துக்கொண்ட அக்கறையில் ஒரு மனிதர் மாதக்கணக்கில் சுவருக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

"கஸ்டமர் ஏதாச்சும் மூஞ்சி சுளிச்சாங்கன்னா...?" என்றார் பிரபு அண்ணன் தயங்கி.

"எங்கிட்டக் கேக்கச் சொல்லுங்க. நா பதில் சொல்லிக்கறனுங்க."

"சரிங்கண்ணா. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நின்னு பாருங்க. பொறவு பாக்கலாமுங்க."

அந்தப் 'பாக்கலாமுங்க' எந்த வகையைச் சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. வந்த பேருந்தை விட்டுவிட்டேன். அடுத்ததையும் விட்டேன்.

பாய்லருக்கு முன்னால் அப்பா நின்றார். கையில் பாதி மங்கிய திட்டுகள். அவற்றின்மேல் புதிய சிவப்பு, களிம்பின் பளபளப்பு. எல்லாம் ஊரறியத் தெரிந்தன. டம்ளரைச் சுழற்றிக் கழுவிய விதத்தில் மட்டும் பழைய அப்பா.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். சர்க்கரை என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குப் போனவர். அப்பாவைப் பார்த்ததும் தடுமாறினார். "ஏனுங்கண்ணா, ரொம்ப நாளாக் காணமே? ஊருக்கு ஏதாச்சும் போயிருந்தீங்களா?"

"இல்லீங்க, இங்கதான் பின்னாடி இருந்தேன். கையில சொரியாசிஸ்ங்க. தொட்டா ஒட்டாதுங்க. நீங்ககூட அதுக்குப் பயந்துட்டுத்தானுங்க எதுத்தாப்பல போனீங்க?"

பெரியவரின் முகம், எந்தப் பெட்டிக்குள்ளும் நிற்காமலே, சிவந்தது. கல்லாவில் பிரபு அண்ணன் சில்லறையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். நான் பன் அடுக்கைப் பார்த்தேன்.

"...ஒரு டீ போடுங்கண்ணா" என்றார் பெரியவர்.

அப்பா போட்டார். தோள் உயரத்திலிருந்து ஆற்றினார். மேடையில் வைக்காமல், கையை நீட்டினார். பெரியவரின் கை பாதி வழியில் ஒரு கணம் நின்றது. பிறகு முழுதும் வந்து, கிளாஸை வாங்கிக்கொண்டது.

"எப்படிங்க இருக்குது?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

அப்பா நம்பவில்லை. நகரவும் இல்லை. "நெசமாச் சொல்லுங்க."

பெரியவர் இன்னொரு வாய் குடித்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சக்கர கொஞ்சம் கம்மிங்க."

"உங்களுக்குத்தான் சக்கரைன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்களே?"

பெரியவர் சிரித்தார். டீ தளும்பும் அளவுக்குச் சிரித்தார். அப்பா கிளாஸைத் திரும்ப வாங்கி, ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார். நான் அடுத்த பேருந்தில் ஏறினேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பலகையைக் கழற்றவில்லை. ஆனால் எழுத்துகள் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தன. கொங்கு நாட்டில் ஒரு முடிவை அறிவிக்கும் முறை இதுதான். அப்பா வாசலில் நின்றார். சிலர் கேட்டார்கள், அப்பா பதில் சொன்னார். சிலர் கேட்காமல் எதிர்க் கடைக்கே போனார்கள். போகட்டும். சிவப்பு அடங்கியதும் செல்வியின் பெட்டிக்குள் மறுபடி நிற்க வேண்டும். அது பொறுமையாக நடக்கிற வேலை.

அன்று மாலை அப்பா வேலை முடிந்து வந்து, உடை மாற்றும் முன்பே, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்பின் முன் போய் நின்றார். பால் பொங்கியது. மூன்று டம்ளர்களை எடுத்தார். தையல் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிய அம்மா, கதவருகே நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க, இத்தன நாளா நா போட்ட டீ நல்லால்லீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை அப்பா மெதுவாகக் கீழே இறக்கி, மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.